கறை அல்ல, மச்சம்

உடம்பின் மேல் தோன்றும் கறுப்புக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று கறை; மற்றொன்று மச்சம். கண்ணுக்கு இரண்டும் கறுப்புத்தான். ஆயினும் கறை என்றதும் நாம் முகம் சுளிக்கிறோம். துடைப்பதற்குத் துணி தேடுகிறோம். எங்கிருந்து வந்தது, யாரால் வந்தது என்று வினவத் தொடங்குகிறோம். மச்சம் என்றதும் முகம் மலர்கிறது. கன்னத்தில் இருந்தால் அழகு என்கிறோம். எடுத்த காரியம் எளிதில் கைகூடியவனைப் பார்த்து, “உனக்கு எங்கேயோ மச்சம் இருக்கிறது” என்கிறோம். பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதும் இடத்தில் அதைத்தான் தேடி எழுதுகிறோம். கறைக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்று நினைக்கும் நாம், மச்சத்திற்குக் காரணம் கேட்பதே இல்லை.

உடம்பின் உள்ளே, எவர் கண்ணுக்கும் எட்டாத ஓரிடத்தில் கறுப்பு தென்பட்டால் அதற்கு இவ்விரண்டில் எந்தப் பெயரைச் சூட்டுவது? சென்ற ஆண்டு எங்கள் குடும்பம் பன்னிரண்டு நாள்கள் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தது.

என் அண்ணன் எழுபதைக் கடந்தவர். இருபது வயதில் திண்டுக்கல் பேகம்பூர்ப் பகுதியில் ஒரு தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தொரு ஆண்டுகள் அங்கேயே உழைத்தவர். அவர் சேர்ந்த காலத்தில் பச்சைத் தோலை ஊறவைப்பதும், சுண்ணாம்புக் குழியில் இறங்கி மிதிப்பதும், மயிர் நீக்குவதும், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கலந்த நீரில் பதப்படுத்துவதும் பெரும்பாலும் மனிதக் கைகளாலும் கால்களாலுமே நடைபெற்றன. அந்தக் குழிகளில் வெந்த மனிதர்களின் வரலாற்றைத் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற பெயரில் நாவலாக எழுதினார். 2012-இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலை அண்ணன் படித்ததில்லை. அதன் பக்கங்கள் அவருடைய பாதங்களில் வெடிப்பு வெடிப்பாக எழுதப்பட்டிருந்தன.

கடுக்காய் நீரும் இரும்பும் சேர்ந்தால் மை பிறக்கும். பழங்காலத்தில் எழுதுவதற்கு அவ்வாறே மை செய்தார்கள். பதனிடும் தொட்டியில் கைவைத்துவிட்டு இரும்புக் கத்தியைப் பிடிக்கும் தொழிலாளியின் நகக்கண்களிலும் அந்த மை ஏறிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஞாயிறு திருப்பலிக்கு வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்தி வரும் அண்ணன், கோயிலில் நிற்கும்போது கைகளை முதுகின் பின்னால் கட்டிக்கொள்வார். இளமையில் அதன் காரணம் எனக்குப் புலப்படவில்லை. புலப்பட்ட பிறகு அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அந்தத் தொழில் கையை மட்டும் கறைப்படுத்தவில்லை. தோல் தொழிற்சாலைகளின் கழிவு எங்கள் சமவெளியின் நிலத்தடி நீரையும் உப்பாக்கியது. நகரை ஒட்டிய பல கிணறுகளின் நீர் வாயில் வைக்க முடியாததாயிற்று. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்நாளில் திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று அழைக்கப்பட்ட எங்கள் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவு நீரைத் தூய்மை செய்யாமல் தொழிலை நடத்தக்கூடாது என்றும் கட்டளையிட்டது. மண்ணும் நீரும் கறைப்பட்டன என்பதை நாடே ஒப்புக்கொண்ட பிறகு, அதே நீரில் முப்பது ஆண்டுகள் நின்ற மனிதன் தன் உடம்பைப் பற்றி என்ன நினைத்திருப்பான்?

சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில் அண்ணன் தம் சிறுநீரில் இரத்தம் கண்டார். வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. இரண்டு நாளில் அதுவே நின்றுவிட்டது. மூன்று வாரங்களுக்கு அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை வந்தபோது வேட்டியில் பட்ட கறையை அண்ணி துவைக்கும்போது கண்டுபிடித்தார். தலைவலியைத் தெருவுக்கே சொல்லும் நாம், அடிவயிற்றுக்குக் கீழே உள்ள எதையும் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லத் தயங்குகிறோம். இந்தக் கூச்சத்திற்குப் பலியான ஆண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

நகரத்து மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்றார். வயதானவர்களுக்கு அது இயல்பே. இரத்தம் அதிலிருந்தும் வரக்கூடும். எனினும் வலியில்லாமல் வரும் இரத்தத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது, பையின் உள்ளே பார்த்தாக வேண்டும் என்று சொல்லி மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

சிறுநீர்ப்பையின் உள்ளே மனிதக் கண் நுழைந்த வரலாறு வியப்புக்குரியது. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் பிலிப் போட்சினி, 1806-ஆம் ஆண்டளவில், ஒரு மெழுகுவர்த்தியின் ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் குழாய் வழியே உடம்புக்குள் செலுத்திப் பார்த்தார். 1879-இல் வியன்னாவில் மாக்சிமிலியன் நிட்சே என்பவர் மெல்லிய பிளாட்டினக் கம்பியை மின்சாரத்தால் ஒளிரச் செய்து, அதன் சூடு உடம்பைச் சுடாதபடி நீரோட்டத்தால் குளிர்வித்து, கருவியின் முனையிலேயே விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். இன்று அதே வேலையை நூலிழை போன்ற ஒளிக்கம்பியும் கடுகளவு கேமராவும் செய்கின்றன. பையின் உட்புறம் திரையில் விரிகிறது. சிஸ்டாஸ்கோப்பி என்று அதைச் சொல்கிறார்கள்.

நலமாக உள்ள சிறுநீர்ப்பையின் உட்புறம் வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். அதில் மெல்லிய இரத்தக் குழாய்கள் அரசிலையின் நரம்புகளைப் போலக் கிளை பிரிந்து ஓடும். ஏறத்தாழ அரை லிட்டர் நீரை ஏந்தும் அளவுக்கு விரியவும், வெறுமையானதும் மடிந்து சுருங்கவும் வல்ல மெல்லிய படலம் அது. உடம்பு வேண்டாமென்று ஒதுக்கிய நஞ்சை மணிக்கணக்கில் ஏந்திக்கொண்டிருந்தும், அதில் ஒரு துளிகூட மீண்டும் இரத்தத்திற்குள் கசிந்துவிடாதபடி காக்கிறது. இழிவென்று நாம் ஒதுக்கும் அந்த உறுப்பின் உழைப்பைக் கேட்டபோது, என் நினைவு தோல் ஷாப்பைச் சுற்றியே வந்தது. ஊருக்குச் செருப்பும் பையும் கச்சையும் தந்துவிட்டு, ஊரின் நாற்றத்தைத் தாம் சுமந்தவர்கள் அல்லவா அங்கே உழைத்தவர்கள்!

அண்ணனின் பையில் அந்த இளஞ்சிவப்பின் மேல் ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. பழுக்கத் தொடங்கிய சிறுமலைப் பழத்தின் தோலில் புள்ளிகள் தோன்றுமே, அப்படி. அன்று அவ்வாறு சொல்லிக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. மருத்துவர் அவற்றிலிருந்து நான்கு சிறு துணுக்குகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பயாப்ஸி என்ற அந்தச் சொல் ஒரு குடும்பத்தின் உணவையும் உறக்கத்தையும் எப்படிப் பறித்துக்கொள்ளும் என்பது அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

சிறுநீர்ப்பையில் கறுப்பைக் கண்டதும் மருத்துவர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. மெலனோமா எனப்படும் கொடிய புற்றுநோய் கறுப்பு நிறத்தில்தான் பெரும்பாலும் தோன்றும். சிறுநீர்ப்பையிலேயே அது பிறப்பது மிக மிக அரிது. ஆனால் தோலிலோ கண்ணிலோ பிறந்து அங்கே வந்து சேரக்கூடும். ஆகவே மருத்துவர் அண்ணனின் உடம்பு முழுவதையும் பார்த்தார். கண்களைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், நகங்களைப் பார்த்தார். பின்னர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அண்ணனின் இரு பாதங்களையும் ஒவ்வொன்றாகத் தம் கையில் ஏந்தி, அடிப்பகுதியைத் திருப்பி விளக்கொளியில் நெடுநேரம் ஆராய்ந்தார். நம் நாட்டவர்க்கு மெலனோமா வந்தால் உள்ளங்காலில் வருவது அதிகமாம்.

பேருந்தில் திரும்பி வரும்போது, கொடைரோடு தாண்டும்வரை அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தம்பி, என் காலை இதுவரைக்கும் யாரும் கையில எடுத்துப் பாத்ததில்லடா.”

முடிவு வரப் பன்னிரண்டு நாள்கள் ஆயின. அந்நாள்களில் உறவினரும் நண்பரும் வந்தார்கள். எல்லாரும் அன்பினால்தான் வந்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் வந்தவர் ஒவ்வொருவரும் கையில் பழத்தோடு ஒரு காரணத்தையும் கொண்டு வந்தார்கள்.

முதலில் வந்தவர் தோல் ஷாப்பைக் குற்றம் சாட்டினார். முப்பது ஆண்டுகள் அந்த நீரில் நின்றால் உள்ளே கறுக்காமல் என்ன செய்யும் என்றார். அடுத்து வந்தவர் சுருட்டைக் குற்றம் சாட்டினார். திண்டுக்கல் சுருட்டுக்குப் பெயர் போன ஊர். வேடசந்தூர் வட்டாரத்தில் புகையிலை விளைகிறது. அங்கே புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அண்ணனும் நடுவயது வரை சுருட்டுப் பிடித்தவர். “புகை போய்ப் படிஞ்சிருக்கு” என்று அவர் முடிவே கட்டிவிட்டார். மூன்றாமவர் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த பெரியவர். அவர் செபமாலை சொல்லி முடித்த பின், குரலைத் தாழ்த்தி, மனத்தில் ஏதேனும் பழைய பாரம் இருந்தால் சாமியாரிடம் இறக்கி வைத்துவிடலாமே என்றார். உள்ளே கறை இருந்தால்தானே உடம்பிலும் தெரியும் என்பது அவர் எண்ணம்.

அவர் போன பிறகு அண்ணன் தம் நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளாயின. நகங்கள் எப்போதோ வெளுத்துவிட்டன. “கையில இருந்தது உள்ள போயிருச்சு போல” என்றார். அண்ணி அடுப்படிக்குள் சென்று முகத்தை மூடிக்கொண்டார்.

விவிலியத்தில் யோபுவின் மூன்று நண்பர்களை நாம் அறிவோம். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய மூவரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை புண்ணால் நிறைந்த தம் நண்பரிடம் வந்து, அவர் பாவம் செய்திருக்க வேண்டும் என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடுகிறார்கள். இறுதியில் கடவுள் கண்டிப்பது யோபுவை அல்ல, அந்த மூவரைத்தான். ஆனால் அவர்களைப் பற்றி நாம் மறந்துவிடும் ஒரு செய்தியும் அந்நூலில் உண்டு. வாதாடத் தொடங்குவதற்கு முன் அவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் யோபுவோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவருடைய துயரம் மிகப் பெரிது எனக் கண்டு எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த ஏழு நாள்களும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

எங்கள் வீட்டிற்கும் அப்படி மௌனமாக வந்த ஒருவர் உண்டு. அண்ணனோடு தோல் ஷாப்பில் வேலை பார்த்த முகமதிய நண்பர் ஒருவர் ஒவ்வொரு நாள் மாலையும் தொழுகை முடித்து வருவார். திண்ணையில் அமர்வார். இருவரும் மலைக்கோட்டையின் மேல் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேநீர் குடிப்பார்கள். “சரி, வர்றேன்” என்று எழுந்து போவார். நோயைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணன் அந்தப் பன்னிரண்டு நாள்களில் வயிறாரச் சாப்பிட்டது, அவர் வந்து போன பின் உண்ட இரவு உணவை மட்டுந்தான்.

பன்னிரண்டாம் நாள் நாங்கள் மதுரைக்குச் சென்றோம். மருத்துவர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்து, “ஐயா, இது புற்றுநோய் இல்லை” என்றார். மெலனோசிஸ் என்று ஒரு பெயரும் சொன்னார். கறுமை படிதல் என்பதைத் தவிர அச்சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. சிறுநீர்ப்பையில் இதைக் காண்பது மிகவும் அரிது. 1980-களிலிருந்துதான் மருத்துவ ஏடுகள் இதை விரிவாகப் பேசத் தொடங்கின. உலகெங்கும் எழுதப்பட்டுள்ள நோயாளிகள் சில பத்துப் பேரைத் தாண்ட மாட்டார்கள். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். பெரும்பாலும் முதிய வயதில், வேறு எதற்கோ உள்ளே பார்க்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும். அதுவாக இரத்தத்தையும் வரவழைப்பதில்லை, வலியையும் தருவதில்லை. அண்ணனுக்கு இரத்தம் வந்தது வீங்கிய புராஸ்டேட்டிலிருந்துதான்.

“அப்போ அந்தக் கறுப்பு எதுங்கய்யா?” என்று அண்ணன் கேட்டார். மருத்துவர் தம் முன்கையை நீட்டி, அதை அண்ணனின் முன்கையருகே வைத்தார். “நம்ம தோலில் இருக்கிற இதே கறுப்புத்தான் ஐயா. மெலனின் என்று பெயர்.”

அந்த விளக்கத்தை அவர் பொறுமையாகச் சொன்னார். நான் விளங்கிக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன். தாயின் வயிற்றில் கரு உருவாகும் தொடக்க வாரங்களில், பின்னாளில் முதுகுத் தண்டாகப் போகும் பகுதியின் ஓரத்திலிருந்து சில செல்கள் பயணம் புறப்படுகின்றன. அவற்றுள் ஒரு வகை, நிறம் செய்யும் செல்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தோலுக்குச் செல்கின்றன. சில கண்ணுக்கும், சில காதின் உட்புறத்திற்கும், சில மூளையைப் போர்த்திய சவ்வுக்கும் சென்று தங்குகின்றன. வெயிலே படாத அவ்விடங்களிலும் மனிதன் சற்றுக் கறுப்பாகவே இருக்கிறான். சிறுநீர்ப்பை அவை செல்ல வேண்டிய இடம் அன்று. எனவே அங்கே மெலனின் காணப்படுவதேன் என்பது மருத்துவ உலகில் இன்னும் விடை காணப்படாத கேள்வி. வழி தவறிய சில செல்கள் அங்கே தங்கிவிட்டன என்பது ஒரு கருத்து. பையின் செல்களே ஏதோ ஒரு தூண்டுதலால் நிறம் ஏற்றுக்கொண்டன என்பது மற்றொரு கருத்து.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் மெலனின் அல்ல என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். வயதான செல்களில் தேய்மானப் பொருளாக லிப்போபசின் என்ற பழுப்பு நிறமும் சேரும். பெருங்குடலில் அது படிவதை மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு, தவறாக மெலனோசிஸ் என்றே பெயரிட்டுவிட்டார்கள். பெயர் இன்றும் மாறவில்லை. மலச்சிக்கலுக்காக ஆண்டுக்கணக்கில் நிலாவாரை போன்ற பேதி மருந்துகளை உட்கொள்வோரின் குடலில் அது தோன்றும். நிலாவாரை நம் தென்பாண்டிச் சீமையின் பயிர். திருநெல்வேலியின் பெயரோடு உலகச் சந்தைக்குப் போகிறது. மருந்தை நிறுத்தினால் காலப்போக்கில் அந்தக் கறுப்பு மறையும். அதுவும் தீங்கற்றதே.

இந்த இரண்டையும் பிரித்தறிய நோய்க்குறியியல் மருத்துவர்கள் வெள்ளி கலந்த சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். பெர்மாங்கனேட் போன்ற வெளுக்கும் மருந்தில் இட்டும் பார்க்கிறார்கள், மெலனின் வெளுத்துவிடும். பின்னர் அந்தச் செல்களின் வடிவத்தை உருப்பெருக்கியில் ஆராய்கிறார்கள். புற்றுநோயாயின் செல்கள் உருவம் சிதைந்து, அளவு மாறி, எல்லை கடந்து உள்ளே புகுந்திருக்கும். அண்ணனின் செல்கள் ஒழுங்காக, தத்தம் இடத்தில் அமைதியாக இருந்தன. சற்றுக் கறுப்பாக இருந்தன, அவ்வளவே. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் கறுப்பை இப்படிச் சாயமேற்றியும் வெளுத்தும் உருப்பெருக்கியும் பார்த்த பிறகே ஒரு மருத்துவர் தம் பெயரை எழுதிக் கையொப்பமிடுகிறார். நாமோ திண்ணையில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அண்ணன் கடைசியாக ஒன்று கேட்டார். “தோல் ஷாப்பு கறுப்பு இல்லையேங்கய்யா?” இல்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். தோல் பதனிடும் நீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடுக்காய் மை உடம்புக்குள் போய்ப் படிவதில்லை. சுருட்டுப் புகையும் அங்கே கரியாகப் படிவதில்லை. அண்ணன் சற்று நேரம் தலை குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு. “முப்பது வருசம் நான் தோலோட போய் உக்காந்திருந்தேன். இப்ப தோலே உள்ள வந்து உக்காந்திருக்கு போல” என்றார். மருத்துவரும் சிரித்தார். பல வாரங்களுக்குப் பின் அண்ணனின் சிரிப்பொலியைக் கேட்டோம்.

இதைப் படிக்கும் எவரும், சிறுநீரில் இரத்தம் வந்தால் ஒன்றுமில்லை என்று எண்ணிவிடலாகாது. அண்ணனுக்கு நேர்ந்தது அரிது. அஞ்ச வேண்டியதே பெரும்பாலும் அடிக்கடி நேர்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஓராண்டில் 6 லட்சம் பேருக்கு மேல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அதன் முதற்காரணம் புகையிலை. புகையின் நஞ்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, பையில் தேங்கி நின்று அதன் படலத்தைக் கெடுக்கிறது. சாயத் தொழிலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1895-இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் முதலில் சுட்டிக்காட்டினார். ஒரே சாயத் தொழிற்சாலையில் உழைத்த மூவருக்கு அந்நோய் வந்ததைக் கண்டு அவர் ஐயுற்றார். துணிக்கும் தோலுக்கும் ஏற்றப்பட்ட பென்சிடின் வகைச் சாயங்கள் நம் நாட்டில் 1990-களில்தான் தடை செய்யப்பட்டன. ஆகவே தோல் ஷாப்பைச் சுட்டியவரும் சுருட்டைச் சுட்டியவரும் அடியோடு தவறான ஊகத்தைச் சொல்லவில்லை. வேறொரு நோயாளிக்கு அது பொருந்தியிருக்கலாம். இவருக்குப் பொருந்தவில்லை. பொருந்துமா பொருந்தாதா என்று அறிவதற்கு முன்பே அதை அவர் மடியில் வைத்ததுதான் கொடுமை.

பொருந்தியே இருந்தாலும் என்ன? வயிற்றுப்பாட்டிற்காக இருபது வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவனுக்குப் புற்றுநோயே வந்திருந்தாலும், அது அவனுடைய குற்றத்தின் கறையா? தூய்மை செய்யாத நீரில் அவனை நிற்க வைத்தவர்களிடம் யாரும் பழத்தோடு சென்று, மனத்தில் பாரம் இருந்தால் இறக்கி வைக்கச் சொல்லவில்லையே! நோய்க்குக் காரணம் தேடுவது மருத்துவரின் கடமை, சட்டத்தின் கடமையும்கூட. நோயாளியின் கட்டிலருகே அது நம் கடமை அன்று.

தீங்கற்றது என்றாலும் மருத்துவர் அண்ணனை அடியோடு விட்டுவிடவில்லை. மெலனோசிஸ் உள்ள சிலரிடம் அதனருகே புற்றுநோயும் காணப்பட்டிருப்பதால், ஆண்டுக்கு ஒரு முறை உள்ளே பார்த்துவிடுவது நல்லது என்றார். புராஸ்டேட்டுக்கு மாத்திரை தந்தார். இரத்தம் அதன் பின் வரவில்லை. இவ்வாண்டு மீண்டும் பார்த்தபோது திட்டுகள் பெருகவும் இல்லை, குறையவும் இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தன. அவற்றை அகற்ற வேண்டிய தேவையும் இல்லை. மருத்துவமனைத் தாளில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அண்ணன் வேறு பெயர் சொல்லியிருக்கிறார்: “தாத்தாவுக்கு வயித்துக்குள்ள மச்சம் இருக்கு.” பிள்ளைகள் அதைப் பெருமையாக வெளியே போய்ச் சொல்கிறார்கள். யோகக்காரர் என்று தெருவில் கேலியும் பேசுகிறார்கள். அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை.

அன்பர்களே, சிறுநீரில் ஒரு முறை இரத்தம் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், தானாகவே நின்றுவிட்டாலும், கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். கண்டதைச் சொல்வதில் இழிவு இல்லை. அப்படிச் சென்று முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போனால், பழம் கொண்டு செல்லுங்கள்; செபமாலையும் கொண்டு செல்லுங்கள். காரணத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அவரோடு சேர்ந்து மலையைப் பாருங்கள். தேநீர் ஆறுவதற்குள் குடியுங்கள். நாளை மாலை மீண்டும் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.